கையினாற் ரயர் கழற்றும் முறை

பாடசாலைக்குப் புறப்படும் நேரத்திலே துவிச்சக்கர வண்டியின் பின்சில்லு காற்றிழந்து தரையோடு படிந்திருப்பதைக் கண்ட பிள்ளை வீட்டில் எழுப்பும் குரலை நேயர்கள் அறிவார்கள். சந்தியிலுள்ள திருத்தும் கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். தகப்பனார் திருப்புளியொன்றை எடுத்துவந்து, ரயருக்கும் றிம்முக்கும் இடையே செருகி, முழுப் பலத்தையும் கொடுத்து நெம்புவார். ரயர் கழன்றுவிடும், முள்ளுப் பட்ட துளைக்கு ஒட்டும் போட்டாகிவிடும். ஆனால் காற்றடித்துச் சிறிது நேரத்துக்குள் சில்லு முன்போலவே தளரும். முள் செய்தது ஒரு துளை. திருப்புளி செய்தவை இரண்டு.

ரயர் ஏன் கழல மறுக்கிறது என்பதை அறிந்தவருக்குத் திருப்புளி வேண்டியதில்லை. ரயரின் இரு ஓரங்களிலும் றப்பரினுள்ளே உருக்குக் கம்பி வளையமொன்று மறைந்திருக்கிறது. றப்பர் இழுபடும், இக்கம்பி இழுபடாது. றிம்மின் விளிம்போ இவ்வளையத்திலும் சற்றுப் பெரியது. சிறிய வளையம் பெரிய விளிம்பைத் தாண்டி வெளியே வருவது எங்ஙனம்? விடை றிம்மின் நடுவிலே இருக்கிறது. ரயரில்லாத றிம்மொன்றை எடுத்துப் பார்த்தால், கம்பிகளின் தலைகள் தெரியும் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்து வாய்க்கால்போல் ஓடுவதைக் காணலாம். ரயரின் ஓரத்தை ஒரு பக்கத்தில் இவ்வாய்க்காலுள் இறக்கினால், அங்கு மிஞ்சுவது எதிர்ப்பக்கத்திலே தளர்வாக வந்து சேரும். இறுகிய காப்பைக் கழற்றும் பெண்கள் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கொள்வதும் இதே உபாயந்தான். காப்புப் பெரிதாவதில்லை, கை ஒடுங்குகிறது.

பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லப் தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்று ரயரை ஆக்கி, 1888ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றபோது இந்த வாய்க்கால் இருக்கவில்லை. அந்நாளைய ரயர் சில்லோடு ஒட்டப்பட்டிருந்தது. ஒரு துளையை அடைப்பதற்கு ஒட்டியதை உரித்து, மறுபடி ஒட்டிக் காயவிட வேண்டும். 1890இல் சார்ள்ஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் இழுபடாத கம்பி ஓரத்தையும் நடுத் தாழ்ந்த றிம்மையும் இணைத்து உரிமைப் பத்திரம் பெற்றார். இன்று நம் முற்றங்களில் நிற்கும் வண்டிகளும் அவ்வமைப்பையே பின்பற்றுகின்றன.

இனிச் செய்முறை. வண்டியைத் தலைகீழாக நிறுத்துக. வால்வின் திருகைக் கழற்றி, காற்று முழுவதையும் போகவிட்டு, றிம்மோடு வால்வை இறுக்கும் சுரையையும் அகற்றுக. சிறிது காற்று மிஞ்சியிருந்தாலும் ரியூப் புடைத்து நின்று வாய்க்காலை அடைத்துக்கொள்ளும். பின்னர் இரு கைகளாலும் ரயரைச் சுற்றிவரப் பிசைந்து, இரு ஓரங்களையும் நடுவை நோக்கித் தள்ளுக. பலரும் தவறவிடும் வேலை இதுவே. நெடுநாட் கழற்றாத ரயர் றிம்மோடு ஒட்டிக் கிடக்கும். ஓரிடமும் விடாது பிசைந்தாலன்றி அது இளகாது.

அடுத்து, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரு உள்ளங்கைகளாலும் ரயரை அழுத்தியவாறே வால்வின் பக்கமாக வழித்துக்கொண்டு வருக. தளர்வெல்லாம் அங்கே திரளும். வால்வுக்கு ஒரு சாண் தள்ளி, இரு பெருவிரல்களாலும் ஒரு பக்க ஓரத்தை மட்டும் தூக்கி விளிம்புக்கு மேலாகப் புரட்டுக. ஒரு சாண் அளவு வெளியே வந்துவிட்டால் மிகுதி தானாக உரியும். மற்ற ஓரம் உள்ளேயே இருக்கட்டும். ரியூப்பை வெளியே இழுத்து ஒட்டுப் போடுவதற்குச் சில்லைக் கழற்றவும் வேண்டியதில்லை. திருத்துநர் வீதியோரத்தில் விரைவாக வேலை முடிப்பதன் இரகசியம் இதுவே.

புதிய ரயர் சில வேளை விரலுக்கு மசியாது. அப்போது ஓரத்திலே சவர்க்கார நீரைத் தடவலாம். அதற்கும் இணங்காவிடில் உருண்ட முனையுள்ள கரண்டிக் காம்பை ஆழமாகச் செருகாது நெம்பலாம். 1990இல் எரிபொருள் தடைப்பட்ட பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நோயாளி முதல் நெல்மூடை வரை துவிச்சக்கர வண்டியிற் சென்ற ஆண்டுகளில், ஒரு ரியூப் கிழிந்தால் ஒரு குடும்பத்தின் நாளே நின்றுபோயிற்று. அக்காலத்தவர் திருப்புளியை ரயரின் அருகே விடமாட்டார்கள்.

மீண்டும் பூட்டுமுன் ரயரின் உட்புறத்தை மெல்லத் தடவிப் பார்த்தல் அவசியம். நெருஞ்சி முள்ளின் முனை அங்கேயே தங்கியிருந்தால் புதிய ஒட்டு மாலைவரை தாங்காது. விரலைப் பதம் பார்க்க விரும்பாதவர் பழந்துணியொன்றை ஓட்டலாம்; முள் இழையைப் பற்றிக்கொள்ளும். ரியூப்புக்கு உருவம் கொள்ளுமளவு சிறிது காற்றடித்து உள்ளே வைத்து, வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஓரத்தை ஏற்றிக்கொண்டு வந்து வால்வின் இடத்தில் முடிக்க வேண்டும். வால்வின் தடித்த அடி அவ்விடத்து வாய்க்காலை நிரப்பி நிற்பதால், அங்கே தொடங்கினால் தளர்வு கிடையாது. கடைசிச் சாணையும் பெருவிரலாலேயே தள்ளுக. பின்பு வால்வை ஒருமுறை மேலே அமுக்கி விடுவித்து, ஓரத்துக்கும் றிம்முக்கும் நடுவில் ரியூப் நெரிந்து கிடக்கிறதா எனச் சுற்றிவரப் பார்த்து, பாதிக் காற்றடித்துச் சில்லைச் சுழற்றுக. ரயரின் பக்கத்திலுள்ள கோடு றிம்மோடு ஒத்து ஓடினாற்றான் மீதிக் காற்று.

மோட்டார் வாகனச் சில்லுக்கு இம்முறையை நீட்டலாகாது. காரின் றிம்மிலும் நடு வாய்க்கால் உண்டெனினும், அதன் ஓரம் மிக இறுக்கமாகப் படிந்திருப்பதால் பொறியாலேயே அதைப் பெயர்ப்பர். லொறிகள் சிலவற்றின் றிம் பூட்டு வளையத்தோடு கூடிய பல துண்டுகளாலானது. வளையம் சரிவர அமராத நிலையிற் காற்றடித்தால் அது தெறித்து ஆளைக் கொல்லும். அத்தகைய சில்லைத் தொழிலறிந்தவரின் கொட்டகைக்கே அனுப்புக.