பெயர் இல்லாத வருகைப் பதிவேடு

1994 டிசம்பர் 2. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் பந்தலுக்குக் கீழே மக்கள் கூடியிருந்தார்கள். பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவேடு உரக்க வாசிக்கப்பட்டது. யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி வாங்கினார் என்று ஒவ்வொரு பெயராக வந்தது. பெயருக்குரியவர்கள் அங்கேயே இருந்தார்கள். அந்த வேலைப் பக்கமே போனதில்லை, அந்தக் கூலியைக் கண்ணால் பார்த்ததில்லை என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். பில்லில் முடிந்துபோன கட்டடம் ஊரில் அரைகுறையாக நிற்பதும் வெளியே வந்தது.

இந்தக் கூட்டத்துக்கு ‘ஜன் சுன்வாய்’, அதாவது மக்கள் விசாரணை என்று பெயர். பீம், விஜய்புரா, ஜவாஜா என்று அடுத்தடுத்த ஊர்களுக்கு இது பரவியது. நடத்தியது மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை 1975-இல் உதறிய அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் 1987-இல் தேவ்டுங்ரி கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். அங்குள்ள கூலித் தொழிலாளர்களோடும் சிறு விவசாயிகளோடும் சேர்ந்து 1990 மே தினத்தன்று இந்த அமைப்பைத் தொடங்கினார்கள்.

அவர்கள் முதலில் கேட்டது தகவல் அல்ல, கூலி. வறட்சி நிவாரண வேலைகளில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கைக்கு வரவில்லை. கேட்டால், நீங்கள் வெட்டிய மண்ணின் அளவு குறைவு என்றார்கள். அளவெழுதிய புத்தகத்தைக் காட்டச் சொன்னால், அது அரசு ரகசியம் என்றார்கள். கூலிக்கான சண்டை காகிதத்துக்கான சண்டையாக மாறியது இப்படித்தான். நாலாம் வகுப்பு வரை படித்த சுசீலா என்ற பெண், டெல்லியில் பத்திரிகையாளர்களிடம் இந்தக் கோரிக்கையின் நியாயத்தை விளக்கினார். பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லிக் கோடிக்கணக்கில் செலவழிக்கும் அரசாங்கத்திடம் கேட்கக் கூடாதா என்றார். இதைவிடத் தெளிவாக எந்த அரசியல் விஞ்ஞானியும் சொல்லிவிட முடியாது.

அரசு என்பது ஒரே மனம் கொண்ட ஓர் ஆள் அல்ல. ஆவணங்களைப் பார்க்க அனுமதித்த அதிகாரியும் அரசுதான். காட்டவே மாட்டோம் என்று வேலைநிறுத்தத்தில் இறங்கிய கிராம சேவகர்களும் அரசுதான். சட்டமன்றத்தில் 1995-இல் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் ஆவணங்களின் நகல் தருவதாக அறிவித்தார். ஆனால், உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரின் சாங் கேட் பகுதியில் மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பது நாள் தர்ணா. கிராமத்து வீடுகளிலிருந்து தானியம் வந்தது. காய்கறிக் கடைக்காரர்கள் காய் கொடுத்தார்கள்.

அதன்பிறகு தகவல் உரிமைச் சட்டங்கள் வந்தன. 1997-இல் முந்திக்கொண்டது தமிழ்நாடு. ஆனால், அந்தச் சட்டத்தின் விதிவிலக்குப் பட்டியல் மிக நீளம். ராஜஸ்தான் 2000-இல் இயற்றியது. 2005 அக்டோபர் 12 முதல், ஜம்மு காஷ்மீர் நீங்கலாக, நாடு முழுவதற்குமான தகவல் பெறும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். ஆட்சியாளர்கள் கொடையாகத் தந்த சட்டம் அல்ல இது. தெருவில் உட்கார்ந்தவர்கள் வாங்கியது.

வாங்கியதை இப்போது கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிறோம். தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் ஒன்றிய அரசே தீர்மானிக்கும் என்று 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் மூன்றாண்டாகச் சுருங்கியது. இதைவிடப் பெரிய அடி, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு. தகவல் சட்டத்தின் 8(1)(j) பிரிவு முன்பு தனிப்பட்ட தகவலைக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்கவில்லை. பொதுப் பணியோடு தொடர்பில்லாததா, அந்தரங்கத்தில் தேவையற்ற தலையீடா என்று பார்த்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றது. இப்போது அந்த வரிகள் இல்லை. தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதுதான். ஒருவரின் நோயும் வங்கிக் கணக்கு எண்ணும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால், கோட் கிரானாவில் திருட்டைக் காட்டிக்கொடுத்தவை பெயர்கள். மொத்தம் இத்தனை பேர், இத்தனை லட்சம் என்று மட்டும் வாசித்திருந்தால் ஒருவரும் எழுந்திருக்க முடியாது. ரேஷன் பட்டியல், முதியோர் ஓய்வூதியம், வீட்டுத் திட்டப் பயனாளிகள், பில்லில் கையெழுத்திட்ட பொறியாளர், டெண்டர் எடுத்த ஒப்பந்ததாரர் என எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது. பெயரை மறைத்தால் ஏழையின் அந்தரங்கத்தைச் சொல்லி அவர் கூலியைத் தின்றவருக்குப் பாதுகாப்புக் கொடுப்பதாகிவிடும்.

மிச்சமிருப்பது தகவல் சட்டத்தின் 8(2) பிரிவு. வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிது என்றால், விலக்கு இருந்தாலும் தகவலைத் தரலாம் என்கிறது அது. தரலாம் என்பதால் பொதுத் தகவல் அலுவலரின் மனத்துணிவைப் பொறுத்தது. எனவே மனு எழுதுபவர்கள், எந்த வேலையில் யாருடைய கூலி விடுபட்டது, எந்த வகையில் பொதுநலன் பாதிக்கப்பட்டது என்பதை முதல் மனுவிலேயே 8(2)-ஐச் சுட்டி எழுதிவிட வேண்டும். மறுப்பு வந்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் ஆணையம். ராஜஸ்தான் தொழிலாளர்கள் தொடங்கியபோது இந்த ஒரு பிரிவுகூட அவர்கள் கையில் இருக்கவில்லை.