கடல் கடந்த கட்டுமரம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறது முட்டுக்காடு. உப்பங்கழி கடலோடு கலக்கும் இடம் அது. அங்குள்ள படகுக் குழாமுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். பக்கத்திலேயே கோவளம், மீனவர் வாழும் ஊர்.

இந்தக் கடற்கரையில் பிறந்த ஒரு தமிழ்ச் சொல், இன்று உலகம் முழுவதும் ஆங்கிலச் சொல்லாக உலவுகிறது. அது என்ன சொல்?

"கேட்டமரான்!"

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் இதை அந்நியச் சொல் என்று நினைக்கக்கூடும். அது நம்முடைய "கட்டுமரம்"தான்!

பெயரிலேயே பொருள்

கட்டிய மரம், கட்டுமரம். லேசான மரத்துண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்து, கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. படகைப் போல உள்ளே பள்ளமும் கிடையாது. அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியாக ஓடிவிடும். மூழ்கும் பயம் குறைவு. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள்.

வெள்ளைக்காரர் வியப்பு

சென்னையில் துறைமுகம் கட்டும் வேலை 1875ல்தான் தொடங்கியது. அதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சீறும் அலைகளைத் தாண்டி அந்தக் கப்பல்களை எட்டியவர்கள் நம் கட்டுமரக்காரர்கள். கடிதங்களை நனையாமல் தலைக் குல்லாயில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்!

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, 1697ல் வெளியான தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். ஆங்கிலேயர் நாவில் "கட்டுமரம்" என்பது "கேட்டமரான்" ஆயிற்று.

பொருள் மாறியது

ஊர் மாறிய சொல், பொருளும் மாறியது. 1804ல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க, வெடிமருந்து நிரப்பிய மிதவைகளை ஆங்கிலேயர் அனுப்பினர். அவற்றுக்கும் இதே பெயர்தான்!

இன்னொரு வேடிக்கை. சண்டைக்காரப் பெண்ணையும் ஆங்கிலேயர் "கேட்டமரான்" என்று ஏசினார்கள். ஆங்கிலத்தில் பூனைக்கு "கேட்" என்று பெயர். சீறும் பூனையின் நினைவால் இந்தப் பொருள் வந்திருக்கலாம்.

இன்று அந்தச் சொல்லுக்கு முக்கியப் பொருள் வேறு. இரண்டு படகுகளை இணைத்தது போன்ற இரட்டை உடல் கலம்தான் இன்றைய "கேட்டமரான்". 1876ல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர், அப்படி ஒரு பாய்மரக் கலத்தை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். மற்றக் கலங்களை அது முந்திவிட்டது. எதிர்ப்பு எழுந்தது, பரிசு மறுக்கப்பட்டது!

இரட்டைப் படகு பசிபிக் தீவினரின் பழங்கலை. பொருள் அவர்களுடையது, பெயர் நம்முடையது. இன்று நூற்றுக்கணக்கான கார்களை ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல்களும் அந்தப் பெயரைத் தாங்குகின்றன.

பெயர் மட்டும் போதுமா?

பெயர் உலகெங்கும் வாழ்கிறது. ஆனால், பெயருக்கு உரிய மரம்?

நம் கரையில் கட்டுமரங்கள் குறைந்துவிட்டன. இயந்திரம் பூட்டிய பைபர் படகுகள் பெருகிவிட்டன. 2004ம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு இந்த மாற்றம் வேகம் பெற்றது. பைபர் படகு விரைவாகப் போகும். அதிக மீனை ஏற்றும். உழைப்பவர் அதை விரும்புவதில் தவறில்லை.

ஆனால் எந்த மரம், எத்தனை மரம், எப்படிக் கட்டுவது என்ற அறிவு முதியவர்களின் கைகளில் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி வைப்பது நம் கடமை.

அடுத்த முறை முட்டுக்காடு போனால், கோவளம் கரைக்கும் போய் வாருங்கள். மணலில் ஒரு கட்டுமரம் கிடந்தால், பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். "ஆங்கிலப் புத்தகத்தில் வரும் கேட்டமரானுக்குப் பெயர் கொடுத்தது இதுதான்" என்று சொல்லுங்கள்!