நான்கு பேர் சேர்ந்தால் மூன்று பேர்!

“டேய், நீ ஒழுங்காவே ஆடல!”

“நான் சும்மா பொழுதுபோக்குக்குத்தான் வந்தேன். நீ ஏன் இப்படிக் கத்துற?”

செல்பேசியில் நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் ஆட்டம் ஏதாவது ஆடியிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பேச்சு உங்கள் காதுக்குப் புதிதாக இராது. ஒருவன் ரேங்க் புஷ் செய்ய வந்திருப்பான். இன்னொருவன் டியூஷன் முடிந்த களைப்பில், நண்பர்களோடு அரட்டை அடிக்க வந்திருப்பான். மூன்றாமவள் நேற்றுத்தான் ஆடக் கற்றுக்கொண்டவள். நான்காமவன் வாயே திறக்கமாட்டான். ஆட்டம் தோற்றதும், யாரால் தோற்றோம் என்ற வழக்குத் தொடங்கும். மறுநாள் அந்த வழக்கு வகுப்பறைக்கும் வந்து, ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு.

இதில் விஞ்ஞானம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். செல்பேசி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, ஒரு கயிற்றின் வடிவில் வந்துவிட்டது!

கயிறு சொன்ன கணக்கு

பிரான்ஸ் நாட்டில் மாக்சிமிலியன் ரிங்கெல்மான் என்ற வேளாண்மைப் பொறியாளர் இருந்தார். பண்ணை வேலையில் மாடு எவ்வளவு இழுக்கும், குதிரை எவ்வளவு இழுக்கும், மனிதன் எவ்வளவு இழுப்பான் என்று அளப்பது அவர் தொழில். 1880-களில் அவர் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி, விசைமானியால் அளந்தார். ஒருவராக இழுக்கும்போது ஒருவர் தரும் விசையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் சேர்ந்து இழுத்தால் 200 வரவேண்டும் அல்லவா? வரவில்லை. 1913-ல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, இருவராகும்போது ஆளுக்கு 93, நால்வராகும்போது 77, எட்டுப் பேராகும்போது வெறும் 49.

பெருக்கிப் பாருங்கள். நான்கு 77 என்றால் 308. அதாவது நான்கு பேர் சேர்ந்தால் மூன்று ஆள் பலம். எட்டுப் பேர் சேர்ந்தாலோ நான்கு ஆள் பலம்கூட முழுதாக இல்லை!

போன விசை எங்கே போயிற்று? எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒரு காரணம். அதனால்தான் தேர் இழுக்கும்போதும் தோணி தள்ளும்போதும் ‘ஏலேலோ’ என்று ஓசை கொடுக்கிறார்கள். அது மட்டும்தானா? 1974-ல் அமெரிக்காவில் ஆலன் இங்காமும் உடன் ஆராய்ந்தவர்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்களே தவிர, இழுக்கவில்லை. இழுத்தது அந்த ஒருவர் மட்டும். ஆகவே தாளம் தவறிற்று என்று சாக்குச் சொல்ல வழியில்லை. அப்படியும், பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நம்பியபோது அவர் இழுத்த விசை குறைந்தே போயிற்று.

1979-ல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிப் லாட்டனே என்ற பேராசிரியர் குழுவினர் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் சொல்லி இதையே கண்டார்கள். இதற்குச் ‘சமூகச் சோம்பல்’ என்று பெயர். ஆனால் அவர்களே 1981-ல் இன்னொன்றும் கண்டார்கள்: ‘உங்கள் குரல் மட்டும் தனியே அளக்கப்படுகிறது’ என்று சொன்னதும் அந்தச் சோம்பல் மறைந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எண்கள் வருகின்றனவே, அது இந்த மருந்துதான். ஆனால் பக்க விளைவு உள்ள மருந்து. எத்தனை பேரைச் சுட்டாய் என்பதை அது துல்லியமாக எழுதும். பின்னால் எதிரி வருகிறானா என்று கண்கொட்டாமல் காவல் இருந்ததை எழுதாது. எழுதப்படுவதற்கே உழைப்புப் போய்ச்சேரும். அட்டவணையில் கடைசியில் இருப்பவனே மோசமானவன் என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த அட்டவணை எதை அளக்கிறது என்று கேட்பது நல்லது.

வலுவற்ற கையின் வலு

எல்லா வேலையும் கயிறு இழுப்பது போன்றதன்று. ஐவன் ஸ்டைனர் என்ற உளவியல் அறிஞர் 1972-ல் இதை வகைப்படுத்தினார். கயிறு இழுப்பதில் எல்லாருடைய பலமும் கூடும். புதிர் விடுவிப்பதில் ஒருவர் விடை கண்டுவிட்டால் எல்லாரும் கண்டதுபோல. ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு மலை ஏறுகிறவர்களோ மிக மெதுவாக ஏறுபவரின் வேகத்தில்தான் ஏற முடியும். பப்ஜி போன்ற ஆட்டத்தில் இம்மூன்றும் கலந்து கிடக்கின்றன. கடைசி வரை ஒருவர் பிழைத்தாலும் அணி முழுவதும் வெல்லும். ஆனால் ஒரே ஜீப்பில் எல்லாரும் கிளம்புவதென்றால் கடைசி ஆள் வந்து ஏறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ‘நான் ஒருத்தன் போதும்’ என்பவனும் ‘எல்லாரும் சேர்ந்து போகலாம்’ என்பவளும் ஆட்டத்தின் இரு வேறு பகுதிகளை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

மலை ஏறும் வகையில் ஒரு வியப்பு உண்டு. 1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ கேலர் என்ற ஆராய்ச்சியாளர், பெர்லின் படகோட்டிகளை இருவர் இருவராகச் சேர்த்து ஒரு பளுவைத் தூக்கச் செய்தார். ஒருவர் கைவிட்டால் மற்றவராலும் தொடர முடியாது. வலுக் குறைந்தவர் தனியாகத் தூக்கியபோது தாங்கியதைவிட, இணையாகத் தூக்கியபோது கூடுதலாகத் தாங்கினார்! ‘என்னால் இவருக்குக் கெடக்கூடாது’ என்ற நினைப்பு வேலை செய்தது. ஆனால் இருவரின் வலுவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இந்த ஊக்கம் அவ்வளவாகத் தோன்றவில்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தாலும் தோன்றவில்லை. இடைப்பட்ட வேறுபாட்டில்தான் மிகுதி. உங்களைவிடச் சற்றே தேர்ந்தவரோடு ஆடிப் பாருங்கள், தெரியும்.

முடியாதவனா, முயலாதவனா?

இனிச் சண்டையின் வேருக்கு வருவோம். 1970-ல் பெர்னார்ட் வைனர், ஆண்டி குக்லா இருவரும் சிலரை ஆசிரியராகப் பாவித்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். திறமை குறைந்திருந்தும் முயன்ற மாணவனுக்குப் பாராட்டு மிகுதியாகக் கிடைத்தது. திறமை இருந்தும் முயலாதவனுக்கே கடுமையான தண்டனை. 1983-ல் நார்பர்ட் கெர் நடத்திய சோதனை இதைவிடச் சுவையானது. திறமை உள்ள கூட்டாளி வேண்டுமென்றே சும்மா இருந்து தன் உழைப்பில் குளிர்காய்கிறான் என்று கருதியவர்கள், தங்கள் உழைப்பையும் குறைத்துக்கொண்டார்கள். தோற்றாலும் பரவாயில்லை, ஏமாளியாக மட்டும் இருக்கமாட்டேன் என்பதே அவர்கள் எண்ணம்.

ஆக, நண்பன் மோசமாக ஆடுவது நம்மைச் சுடுவதில்லை. அவன் முயலவில்லை என்ற எண்ணமே சுடுகிறது. ஆனால் அந்த எண்ணம் சரியா? மனிதக் கண் ஒன்றைக் கண்டு விரல் அசைய ஏறத்தாழக் கால் விநாடி ஆகிறது. உங்கள் நண்பன் வீட்டில் சிக்னல் பலவீனமாக இருந்து, ‘பிங்’ 250 மில்லிவிநாடி காட்டுகிறது என்று கொள்வோம். மற்றொரு கால் விநாடி வீணாயிற்று. எதிரியைவிட இரு மடங்கு மெதுவானவனாக அவன் உங்களுக்குத் தோன்றுவான். அவன் விரலைக் குறை சொல்லி என்ன பயன்? பழைய செல்பேசி, பக்கத்து அறையில் தூங்கும் பாட்டி, கடைக்குப் போகச்சொல்லும் அம்மா – இவை எதுவும் உங்கள் திரையில் தெரிவதில்லை.

எண்ணால் அளந்த திறமை

திறமையையாவது சரியாக அளக்க முடியுமா? ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ சதுரங்கத்திற்கு ஒரு முறை வகுத்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-ல் அதை ஏற்றது. இதில் 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி பெறுவார். 400 கூடுதல் என்றால் 91.

சதுரங்கத்தில் ஆள் ஒருவர்தான். அணியாக ஆடினால்? கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தினர், எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆட்டங்களுக்காக 2005-ல் ‘ட்ரூஸ்கில்’ முறையைக் கொண்டுவந்தனர். இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். ஒன்று திறமையின் மதிப்பீடு, புதியவருக்கு 25. மற்றொன்று அந்த மதிப்பீட்டில் உள்ள ஐயம், தொடக்கத்தில் 8⅓. ஐயத்தை மூன்றால் பெருக்கிக் கழித்தால் வருவது சுழியம். ‘உன்னைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது’ என்று கணிப்பொறி ஒப்புக்கொள்கிறது! ஆட ஆட ஐயம் குறையும். நம்மில் பலர், முதல் ஆட்டத்திலேயே ஒருவனை ‘நூப்’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். கணிப்பொறிக்கு இருக்கும் அடக்கம் நமக்கு இல்லை.

இம்முறையில் அணியின் திறமை, உறுப்பினர் திறமைகளின் கூட்டுத்தொகை. உங்கள் அணியில் 40, 25, 20, 15 என்று நால்வர். எதிரணியில் நால்வருமே 25. இரண்டும் 100. கணக்குப்படி சமமான போட்டி. ஆனால் 15 உள்ளவளுக்கு எதிரே நிற்கும் ஒவ்வொருவரும் அவளைவிட வலியவர். 40 உள்ளவனுக்கோ, கூட்டாளிகள் காலைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். இருவர் சலிப்பும் நியாயமே. தொடக்கத்தில் இம்முறை அணியின் வெற்றி தோல்வியை மட்டுமே பார்த்தது. 2018-ல் வந்த இரண்டாம் வடிவம்தான் தனியாட்களின் ஆட்டத்தையும் கணக்கில் சேர்த்தது.

எந்த வடிவமாயினும் ஒன்றை அது கேட்பதில்லை: நீ எதற்காக ஆட வந்தாய்? பலர் சேர்ந்து ஆடும் கணிப்பொறி உலகம் ஒன்றை 1978-ல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தார். அதில் வந்து ஆடியவர்களைப் பற்றிப் பார்ட்டில் 1996-ல் எழுதியபோது, சீட்டுக்கட்டின் இனங்களைப்போல் நான்கு இனம் சொன்னார்: புள்ளி சேர்ப்பவர், ஊர் சுற்றிப் பார்ப்பவர், பேசிப் பழக வந்தவர், பிறரைத் தாக்கி மகிழ்பவர். நால்வரும் நான்கு இனமாக இருந்து ஒரே அணியில் அமர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் நண்பர் நால்வருக்கும் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும், அணியின் உழைப்பில் தன் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் மறைவாக எழுதட்டும். நான்கையும் கூட்டுங்கள். பெரும்பாலும் நூறைத் தாண்டும். மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி இருவரும் 1979-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கைக் கேட்டபோது இப்படித்தான் ஆயிற்று. நாம் செய்தது நம் நினைவில் நிற்கிறது. பிறர் செய்தது நழுவிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், சண்டையைத் தொடங்குவது போன்ற கெட்ட செயல்களிலும் அவரவர் தம் பங்கைக் கூட்டியே சொன்னார்கள்!

காகிதத்தின் மறுபக்கத்தில், ‘இன்று எதற்காக ஆட வந்தேன்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இதை மட்டும் ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். தோற்ற பிறகு கேட்டால், நால்வரும் ‘சும்மா வந்தேன்’ என்றே எழுதுவார்கள்.