அட்டையில் ஓர் எண் பூட்டு: வரிசைமாற்றத்தைக் கையால் கற்போம்



கடையில் 'கொம்பினேஷன் பூட்டு' என்று கேட்டு வாங்குகிறோம். கணிதப்படி அந்தப் பெயர் பொருந்தாது. 3-7-1 என்று திறக்கும் பூட்டு, 7-3-1 என்று சுற்றினால் திறக்காது. வரிசை முக்கியம் என்றால் அது வரிசைமாற்றம், சேர்மானம் இல்லை. படிவம் 5 கூடுதல் கணிதத்தில் 'பிலிஹ் ஆத்தூர்', 'காபுங்கான்' என்று மலாயில் படிக்கும்போது, புள்ளி போவது இந்த இடத்தில்தான். ஒரு பூட்டைச் செய்து காட்டினால் குழப்பம் தீர்ந்துவிடும். ஆறாம் ஆண்டு ஆர்.பி.தி. பாடத்திலும் செய்யலாம்.

தேவையானவை: பிஸ்கட் பெட்டி, தடித்த அட்டை, சாத்தே குச்சி, ஸ்ட்ரா, பசை. கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்ட வீடுகளில் தேடினாலே கிடைத்துவிடும்.

செய்முறை

1. மேல்பக்கம் திறந்த பெட்டியில், முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை குச்சியைச் செருகுங்கள். 6 செ.மீ. விட்டமுள்ள 3 அட்டை வட்டுகளை உள்ளே கோத்துக்கொள்ளுங்கள்.

2. பெட்டிக்கு வெளியே, 0 முதல் 9 வரை எழுதிய முகப்பு வட்டைக் குச்சியோடு ஒட்டுங்கள். அதற்கு மேலே சுவரில் ஓர் அம்புக்குறி போடுங்கள்.

3. உள்ளே முதல் வட்டை மட்டும் குச்சியோடு ஒட்டுங்கள். மற்ற இரண்டும் லூசாகச் சுற்றணும். வட்டுகளுக்கு நடுவே 4 மி.மீ. ஸ்ட்ரா துண்டு.

4. ஒன்றையொன்று பார்க்கும் பக்கங்களில், மையத்திலிருந்து 1.5 செ.மீ. தள்ளி, 3 மி.மீ. உயரத்தில் அட்டைப் பல் ஒட்டுங்கள். நடுவட்டுக்கு இரு பக்கமும் பல் வரும்.

5. பக்கச் சுவரில் துளையிட்டு அட்டைத் தாழைச் செருகுங்கள். அதன் உள்முனையில், 3 வட்டுகளையும் தொடும் நீளத்துக்கு ஒரு குச்சித் துண்டைக் குறுக்கே ஒட்டுங்கள்.

6. இப்போது எண்ணை அமைப்போம். வலப்பக்கம் மூன்று சுற்று சுற்றி 3-இல் நிறுத்துங்கள். இடப்பக்கம் திருப்பி, 7-ஐ ஒருமுறை கடந்து, இரண்டாம் முறை நிறுத்துங்கள். மறுபடி வலப்பக்கம் நேராக 1. தாழுக்கு நேரே 3 வட்டு விளிம்புகளிலும் கோடு போட்டு, அந்த இடத்தில் 5 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழம் வெட்டுங்கள்.

மூன்று வெட்டும் நேராக நின்றால்தான் தாழ் உள்ளே போகும். சுற்றும்போது வட்டுகள் பல்லில் மாட்டாமலேயே கூடவே சுற்றினால், நடுத்துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

கணக்கு

எண்கள் திரும்ப வரலாம் என்றால் 10×10×10 = 1,000 வழிகள். திரும்ப வரக்கூடாது என்றால் 10×9×8 = 720. வரிசையைப் பார்க்காமல் எண்களை மட்டும் தேர்ந்தால் 120. ஒவ்வொரு மூன்று எண்ணுக்கும் 6 வரிசை. அதனால்தான் 720-ஐ 6-ஆல் வகுத்தால் 120 வருகிறது. ஒரு முயற்சிக்கு 20 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 முயற்சி என்றால் 40 நிமிடம்; 720 என்றால் 4 மணி நேரம். தப்பான சூத்திரத்தைப் போட்டால் விடை எவ்வளவு விலகும் என்பது இப்போது புரியும்.

வெட்டு அகலமாகிவிட்டால் என்ன ஆகும்? பக்கத்து எண்ணிலும் திறந்துவிடும். 1940களில் லாஸ் அலமோஸில் வேலை செய்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பெட்டகங்களில் இதைக் கண்டுபிடித்தார். 100 எண் கொண்ட பூட்டு, சரியான எண்ணுக்கு இரண்டு முன்பின் நின்றாலும் திறந்தது. ஆகவே ஐந்துக்கு ஒன்றை முயன்றால் போதும்: 20×20×20 = 8,000. காகிதத்தில் அதே பூட்டுக்கு 10 லட்சம்!

மாணவர்களுக்கு ஒரு வேலை: 3, 7, 1 என்ற எண்களை மட்டும் சொல்லுங்கள், வரிசையைச் சொல்லாதீர்கள். ஆறு வரிசைகளையும் எழுதி, ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்கட்டும். திறப்பது ஒன்றுதான்.