மழைக்கு முன்னே விறகைக் காய வைப்போம்



நம்மில் பலர் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீர் போட, நெல் அவிக்க, சிலிண்டர் தீர்ந்த நாளில் சோறு ஆக்க விறகடுப்புதான் கை கொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊதி ஊதிக் கண் சிவந்தால் அடுப்பைத்தான் திட்டுகிறோம். குறை பெரும்பாலும் அடுப்பில் இல்லை, விறகில்தான்.

ஈர விறகு ஏன் புகைகிறது?

அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில், மரத்தைப் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர்தான். அடுப்பில் வைத்ததும் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கப் பாடுபடுகிறது. சூடு குறைந்து, விறகு முழுசா எரியாமல் புகையாக வெளியே வருகிறது. உலை கொதிக்கவும் நேரமாகும், விறகும் கூடச் செலவாகும்.

வருடக்கணக்கில் இந்தப் புகையைச் சுவாசித்தால் பெண்களுக்கு நுரையீரல் நோயும் கண்புரையும், பக்கத்தில் இருக்கும் சிறு குழந்தைகளுக்கு நிமோனியாவும் வர வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

காசுக் கணக்கையும் பாருங்கள். நன்றாகக் காய்ந்த விறகிலும் 100 கிலோவுக்கு 15 முதல் 20 கிலோ ஈரம் இருக்கத்தான் செய்யும். பச்சை விறகில் அது 45 கிலோ என்று வையுங்கள். கிலோ 5 ரூபாய் என்றால், எடை போட்டு வாங்கும் 100 கிலோவில் 125 ரூபாய்க்கு மேல் வெறும் தண்ணீருக்கே போய்விடுகிறது!

காய வைக்கும் முறை

1. மாசி, பங்குனியிலேயே விறகு சேர்த்துவிடுங்கள். கோடை வெயில் முழுவதும் அதற்குக் கிடைக்கும்.

2. உருட்டுக் கட்டையாக விடாமல் கோடாலியால் பிளந்து போடுங்கள். பட்டை மூடிய கட்டையில் ஈரம் சீக்கிரம் வெளியேறாது. மணிக்கட்டுப் பருமன் போதும். சீமைக்கருவேல் என்றால் முள்ளை முதலில் கழித்துவிடுங்கள்.

3. தரையில் போடாதீர்கள். கல் வைத்து, மேலே இரண்டு கட்டை போட்டு, காற்று புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள்.

4. மழை வந்தால் மேல்பக்கம் மட்டும் தகரமோ தார்ப்பாயோ போடுங்கள். சுற்றிலும் மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டைகளைத் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் காய்ந்தது. 'டொப்' என்றால் ஈரம் இருக்கு. காய்ந்த விறகின் நுனியில் வெடிப்பு தெரியும், பட்டை உரியும், கையில் எடுத்தால் லேசாக இருக்கும்.

பற்ற வைக்க

சுள்ளி, தென்னம்பாளை, பன்னாடை, பனை ஓலை, துவரை மார் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி நனையாத இடத்தில் வையுங்கள். முதலில் சுள்ளி, அது பிடித்ததும் சிறாய், அப்புறம்தான் விறகு. அடுப்பு வாயை விறகால் அடைத்துவிடாமல் காற்றுப் போக வழி விடுங்கள்.

கவனம்

* பாலிதீன் பை, டயர், ரப்பர் செருப்பு, பெயிண்ட் அடித்த பலகை எதையும் எரிக்காதீர்கள். அந்தப் புகை விஷம். அரளிக் கட்டையும் அடுப்புக்கு ஆகாது.
* மண்ணெண்ணெய், பெட்ரோலை எரியும் அடுப்பில் ஊற்றவே கூடாது.
* விறகு அடுக்கில் தேளும் பாம்பும் அடையும். குச்சியால் தட்டிவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு எடுங்கள். பிள்ளைகளை இருட்டில் விறகெடுக்க அனுப்பாதீர்கள்.
* எரியும் அடுப்பை ஒட்டி விறகை உலர்த்தாதீர்கள். கூரை வீட்டில் ஒரு பொறி போதும்.

குழுவாகச் செய்தால் லாபம்

விறகு விலைக்கு வாங்கும் உறுப்பினர்கள் சேர்ந்து கோடையிலேயே ஒரு டிராக்டர் லோடு வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கையில் பணம் இல்லாதவருக்குக் குழுவிலிருந்து சிறுகடன் கொடுக்கலாம். தை மாதக் கூட்டத்திலேயே யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். மழைக்காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் புகையில்லாமல் சூடாகச் சாப்பிடட்டும்.