முதல் சலான்: கட்டுவதா, கேள்வி கேட்பதா?

'வண்டியை ஓரங்கட்டுங்க' என்ற குரல் கேட்டதுமே பாதிப் பேர் போனை எடுத்து, தெரிந்த போலீஸ்காரர் யாராவது இருக்கிறாரா என்று தேட ஆரம்பிக்கிறார்கள். மீதிப் பேர் 'சார், ஏதாவது பார்த்துச் செய்யுங்க' என்று குழைகிறார்கள். இன்னொரு கூட்டத்தை யாரும் நிறுத்துவதே இல்லை. சிக்னல் கம்பத்துக் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிட, வீடு வந்து சேர்ந்த பிறகு எஸ்.எம்.எஸ். வந்து விழுகிறது. எப்படி வந்தாலும் முதல் சலான் கொஞ்சம் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். கட்டிவிடுவதா, எதிர்த்துக் கேட்பதா, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதா?

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை தமிழ்நாட்டில் இதை யாரும் இவ்வளவு யோசித்ததில்லை. ஹெல்மெட் போடாவிட்டால் 100 ரூபாய். கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். 2019-ல் நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியது. அதை ஒட்டிய புதிய அபராதத் தொகைகளை மாநில அரசு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய். பின்னால் உட்கார்ந்திருப்பவர் போடவில்லை என்றாலும் அதே தொகைதான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000, இன்சூரன்ஸ் இல்லையென்றால் 2,000, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000. டெலிவரி வேலை செய்யும் ஒரு பையனுக்கு ஒரே ஒரு சலான் போதும், அந்த வாரச் சம்பாத்தியத்தில் பெரிய ஓட்டை விழுந்துவிடும்.

முதலில் படியுங்கள்

சலான் கைக்கு வந்ததும் நாம் பார்ப்பது தொகையை மட்டும்தான். அதைக் கடைசியில் பார்க்கலாம். வண்டி எண் நம்முடையதா? இடமும் நேரமும் சரியா? எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள்? கேமரா சலான் என்றால் படம் இருக்கிறதா? கேமரா மூலம் பதியும் வழக்குகளுக்கென்றே 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். வண்டி எண் தெரியும் படம், குற்றம் நடந்த இடம், தேதி, நேரம், மீறிய பிரிவு எல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும் என்கிறது அது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டியின் நிறம், மாடல், எண்ணின் ஒவ்வோர் எழுத்தும் பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். பாதி அழிந்த எண்ணையும் அலங்கார எழுத்தையும் கேமரா வேறு எண்ணாகப் படித்துவிட வாய்ப்பு உண்டு. நம் எண்ணையே வேறு வண்டியில் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களும் இருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் இன்னொரு சோதனை. வந்திருப்பது உண்மையான சலான்தானா? 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. ஃபைலை அனுப்பி, அதை இன்ஸ்டால் செய்தவரின் வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி பரவிக்கிடக்கிறது. மெசேஜில் வரும் லிங்க்கைத் தொட வேண்டாம். பரிவாஹன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ போட்டுப் பாருங்கள். முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிய வேண்டும். அங்கே இல்லாத சலானுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

தப்பு நம்முடையது என்றால்

தளத்திலேயே கட்டிவிடுங்கள். யு.பி.ஐ., கார்டு, நெட் பேங்கிங் எல்லாம் செல்லும். ரசீதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போயும் சலான் நிலுவை என்றே காட்டினால் அதுதான் கைகொடுக்கும்.

கோர்ட்டுக்குப் போகாமலேயே அபராதம் கட்டி முடித்துக்கொள்ளும் இந்தச் சலுகையைத் தருவது சட்டத்தின் 200-வது பிரிவு. எல்லாக் குற்றத்துக்கும் இது கிடையாது. குடித்துவிட்டு ஓட்டியவர் நீதிமன்றத்தைச் சந்தித்தே ஆக வேண்டும்: முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மீது வழக்கு. 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. இவை இரண்டிலும் தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

கட்டியதோடு எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஹெல்மெட் இல்லாதது, மூன்று பேர் போவது ஆகியவற்றுக்கு 1,000 ரூபாயோடு லைசென்ஸை 3 மாதம் முடக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அபராதம் கட்டியதால் அந்த நடவடிக்கை தானாக நீங்காது. சிக்னலை மீறினால், போன் பேசிக்கொண்டே ஓட்டினால் லைசென்ஸை முடக்கச் சொன்னது, நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் உச்ச நீதிமன்றம் 2014-ல் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு. அந்தக் குழு பிறக்கக் காரணமான பொதுநல வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன். விபத்தில் நொறுங்கி வந்தவர்களுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் போட்ட வழக்கு அது.

முதல் தடவைக்கும் அடுத்த தடவைக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். 177-வது பொதுப் பிரிவில் முதல் முறை 500, அடுத்த முறை 1,500. இன்சூரன்ஸ் இல்லையென்றால் 2,000 என்பது 4,000 ஆகும். சட்டம் இளக்கம் காட்டுவது ஒரே ஒரு முறைதான்.

தப்பு நம்முடையது இல்லையென்றால்

'ஐந்நூறு ரூபாய்தானே, தொலையட்டும்' என்று கட்டுகிறவர்கள் நிறைய. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பதிவாகும். செய்யாத குற்றத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, நாளைக்கு அதே பிரிவில் மாட்டினால் 'இரண்டாவது முறை' ஆகிவிடுவோம்.

இ-சலான் தளத்தில் புகார் பதியும் வசதி இருக்கிறது. வண்டிப் படம், ஆர்.சி., அந்த நேரத்தில் வண்டி வேறு இடத்தில் நின்றதைக் காட்டும் பார்க்கிங் ரசீது, டோல் ரசீது என்று கையில் உள்ளதையெல்லாம் இணைத்து அனுப்புங்கள். சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால் அங்கேயும் இரண்டு வழி: கட்டலாம், அல்லது மறுத்து வழக்காடுவதாகச் சொல்லலாம். மறுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அலைச்சல் உண்டு, ஆதாரம் கெட்டியாக இருந்தால் அலைவதில் அர்த்தமும் உண்டு.

விற்ற வண்டிக்கு வரும் சலான் தனிக் கதை. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டோம், ஆர்.சி.யில் இன்னும் நம் பெயர். வாங்கியவர் சிக்னலைத் தாண்டும்போதெல்லாம் நம் போன் அடிக்கும். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-வது பிரிவு. படிவம் 29-ல் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. அது அலுவலகம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் விற்றவர் வேலைதான்.

வழியில் நிறுத்திப் பேப்பர் கேட்டால் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் ஆப்பிலோ காட்டலாம். விதி 139 அதை அசல் போலவே ஏற்கிறது. போன் கேலரியில் இருக்கும் ஃபோட்டோவுக்கு அந்த மதிப்பு இல்லை. லைசென்ஸை அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டால் அத்தாட்சிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தர வேண்டியது அவர் கடமை.

கிடப்பில் போடுவதும் கையில் கொடுப்பதும்

கர்நாடகம் 2023-ல் பழைய சலான்களுக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்ததைக் கேள்விப்பட்டு, 'நமக்கும் வரும், பொறுங்க' என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. அதற்குள் வண்டியை விற்கவோ எஃப்.சி. எடுக்கவோ போனால் நிலுவைச் சலான் குறுக்கே வந்து நிற்கும். சலான் கோர்ட்டுக்குப் போய்விட்டால் சம்மனும் வரலாம்.

கையில் கொடுத்து முடிப்பதன் ஆபத்தோ இன்னும் பெரிது. 2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. 7 ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், 7 நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கு மட்டுமே விலக்கு. 1,000 ரூபாய்க்குப் பயந்து 200 ரூபாய் நீட்டுகிறவர் செய்வது, ஹெல்மெட் போடாததைவிடப் பல மடங்கு பெரிய குற்றம்.

ஆகவே தப்பு நம்முடையது என்றால் உடனே கட்டுங்கள். இல்லையென்றால் ஆதாரத்தோடு மறுத்துப் பேசுங்கள். நடுவில் வேறு நல்ல வழி கிடையாது. இன்றே ஒரு வேலை செய்யுங்கள்: ஆர்.சி.யில் பதிவாகியிருப்பது உங்களுடைய இப்போதைய மொபைல் எண்தானா என்று பாருங்கள். பழைய எண்ணாக இருந்தால், உங்கள் முதல் சலான் எப்போதோ வந்து யாருடைய போனிலோ காத்திருக்கக்கூடும்.