உப்புநீர் சுமந்த பாட்டு

எழுபதுகளில் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பல வீடுகளில் ரேடியோ முள் இலங்கை வானொலியில்தான் நிற்கும். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் சினிமா நட்சத்திரங்களுக்குச் சமம். கொழும்பிலிருந்து தூத்துக்குடி நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு தூரம் தாண்டிக் குரல் தெளிவாக விழுந்ததற்கு மன்னார் வளைகுடாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தக் குரலைச் சுமந்த மத்திய அலை (மீடியம் வேவ்) தரையை ஒட்டியே ஓடும். காய்ந்த மண் அதன் சக்தியை வழியிலேயே குடித்துவிடும். உப்புநீரோ மின்சாரத்தைக் கடத்துவதில் காய்ந்த மண்ணைவிடப் பல நூறு மடங்கு மேல். அதன்மீது ஓடும் அலை அவ்வளவாகத் தேயாது. ராத்திரியில் இன்னொரு பாதையும் திறக்கும். பகலில் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் வெயில் உண்டாக்கும் மின்னேற்ற அடுக்கு அலையை உறிஞ்சிவிடுகிறது. பொழுது சாய்ந்தால் அது கரைந்துபோக, மேலடுக்கில் பட்டு அலை பூமிக்குத் திரும்பும். நடுராத்திரியில் ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையம் குறுக்கே பேசியது இதனால்தான்.

எஃப்.எம். பெரும்பாலும் கோபுரத்தின் பார்வை எட்டும் தொலைவுதான் போகும். ஆனால் ஒலியை 15,000 ஹெர்ட்ஸ் வரை தரும். மத்திய அலையில் 5,000ஐத் தாண்டுவதே அரிது. அப்படியும் “பழைய ரேடியோதான் கேட்க இதம்” என்கிற பெரியவர்கள் உண்டு. வெறும் ஏக்கம் என்று அதை நான் ஒதுக்கமாட்டேன். வயதாக ஆக உட்செவியின் மயிர்ச்செல்கள் உயர் அதிர்வெண் பக்கமிருந்துதான் தேயத் தொடங்கும். எஃப்.எம். கூடுதலாகத் தருவதில் பெரும்பகுதி அந்தக் காதுக்கு எட்டுவதே இல்லை. இந்தத் தேய்மானத்தில் உயிரொலி தப்பிக்கும், மெய்யொலி மங்கும். ‘பட்டு’ என்றாரா, ‘தட்டு’ என்றாரா? வாத்தியங்கள் அடர்ந்த புதுப் பாட்டில் சொல் தொலைந்துபோகிறது. பழைய பாட்டில் குரல் முன்னால் நிற்கும். விட்டுப்போன எழுத்தை மனப்பாடம் நிரப்பிவிடும்.

இன்று இணையத்தில் அதே பாட்டுக்குக் கடலும் வேண்டாம், இரவும் வேண்டாம். வானொலியில் ஒரே அலையை லட்சம் பேர் கேட்டாலும் கோபுரத்துக்குச் சல்லிக்காசு கூடுதல் செலவில்லை. இணையத்தில் லட்சம் பேருக்கு லட்சம் பிரதி போயாக வேண்டும். வினாடிக்கு 64 கிலோபிட் என்றால் ஒருவருக்கு மணிக்குச் சுமார் 29 எம்.பி. அதுவும் துண்டு துண்டாக வந்து, கொஞ்சம் சேர்ந்த பிறகே ஒலிக்கும். அடுப்படியில் எஃப்.எம்., கூடத்தில் அதே நிலையத்தின் ஆப் என்று வைத்துப் பாருங்கள்: அங்கே பல்லவி முடிந்திருக்கும், இங்கே பாடகர் அப்போதுதான் அதை எடுப்பார்.

பெரியவர்களைப் படுத்துவது இந்தத் தாமதமல்ல, ஆப்பில் உள்ள தேடுபெட்டி. என்ன பாட்டு என்று யோசித்து, எழுத்துத் தட்டிக் கேட்க வேண்டும்; ரேடியோ கேட்காமலே போட்டது. சரிகம நிறுவனம் 2017இல் கொண்டுவந்த ‘கார்வான்’ பெட்டி இதைப் புரிந்துகொண்டது: பழைய ரேடியோ உருவம், உள்ளே 5,000 பாட்டு, திருகக் குமிழ். கைபேசியில் கேட்பவர்களுக்குச் சொல் புரியவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. ஈக்வலைசரில் பாஸைக் குறைத்து, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் கொஞ்சம் ஏற்றினால் பலருக்கு மெய்யெழுத்து திரும்பக் கிடைக்கும்.